அத்திம்பேர் அனுப்பிய தராசு

மட்டாஞ்சேரி,
கர்க்கடக மாதம், 1961

மதிப்பிற்குரிய அத்திம்பேருக்கு கமலாக்ஷி அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் குழந்தை நீலாவும் தாங்கள் அனுப்பிய தராசும் சௌக்கியம். அவ்விடம் தங்கள் ஆஸ்பத்திரியும் அக்காவும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

அக்காவை ஒரு மாதம் அனுப்பி வையுங்கள் என்று நான் எழுதியதற்கு, "இது விஞ்ஞான யுகம், வாராவாரம் எடை போடு, குழந்தை வளர்கிறதா என்று ஊசியே சொல்லிவிடும்" என்று சீமைத் தராசை அனுப்பினீர்கள். நானும் பி.எஸ்ஸி. படித்தவள், நம்பினேன். ஆனால் ஊசியைப் பார்க்க எனக்குப் பயம், கண்ணை மூடிக்கொள்வேன். இவர்தான் மிளகுக் கம்பெனியில் எடை பார்க்கிறவர் ஆயிற்றே, இவரே பார்த்துச் சொல்வார். மழை பிடித்தது, குழந்தை குறைய ஆரம்பித்தாள். அடுத்த வாரம் இன்னும் குறைந்தாள். நான் வேண்டாத தெய்வமில்லை. பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மாளிடம் சொல்லி அழலாமென்றால் அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. ஜன்னல் வழியே சிரித்துக்கொள்வதோடு சரி. இவர் கிடங்குக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். கடைசியில் கொட்டுகிற மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினால், அவர் தம் தராசில் போட்டுவிட்டு, "எந்தா மோளே, கொச்சு நல்ல தடியல்லோ! மெலிஞ்ஞூன்னு ஆரு பறஞ்ஞு?" என்று சிரிக்கிறார். குழந்தை நன்றாகக் கொழுத்துத்தான் இருக்கிறாளாம், இளைத்துவிட்டாள் என்று யார் சொன்னதாம்!

சாயங்காலம் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்படி எடை பார்த்தேள்?"

"எப்பவும் பாக்கறாப்பலதான். சாக்குக்குக் கழிச்சேன். மழைக்காலமாச்சே, ஈரத்துக்கும் கழிச்சேன்."

"சாக்கா? என் கொழந்தைக்கா?"

"துணியிலே சுத்தித்தானே வெச்சே? அதுவும் நனைஞ்சுன்னா இருந்தது! ஈரச் சரக்குக்கு முழு எடை போட்டா முதலாளி என்னை வெச்சுப்பாரா?"

ஆகையால் தராசின்மேல் ஒரு குற்றமும் இல்லை. இப்போது நானே கண்ணைத் திறந்து பார்க்கிறேன். ஊசி ஒழுங்காக ஏறுகிறது. எனக்கு இங்கே ஒரு குறையும் கிடையாது. அக்கா வரவே வேண்டாம், தங்களுக்குச் சாப்பாடு கஷ்டமாகிவிடும். பெரியவர்களுக்கு என் நமஸ்காரங்கள், குழந்தைகளுக்கு ஆசிகள்.

தங்கள் மைத்துனி,
கமலாக்ஷி

பி.கு.: இன்றைக்கு ஊசி நன்றாகவே ஏறியிருந்தது. "பாத்தியா, எப்படி ஏறிட்டா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். கேட்க ஆளில்லை. தராசைத் துடைத்துப் பெட்டியில் கட்டிவிட்டேன், அத்திம்பேர். அக்காவை அனுப்புங்கோ. அவ ஒரு தடவை நீலாவை இடுப்பிலே தூக்கி வெச்சுண்டு, "அடியம்மா, என்ன கனம் கனக்கறாடீ!"ன்னு சொன்னாப் போறும்.