மூன்று விநாடியில் திறக்கும் பல்கலைக்கழகம்

அக்சிலியாவின் எதிர்காலத்துக்கு வேந்தர் அப்புசாமி சொன்ன விலை மூன்று விநாடி.

பல்கலைக்கழக இணையதளம் மூன்று விநாடியில் திறக்க வேண்டும். கூகுளில் முதலில் வர வேண்டும். செய்து கொடுத்தால் அவளுக்கு நான்கு வருட நர்சிங் ஃபீஸ் கிடையாது. பேச்சை நம்பி மகளைச் சேர்த்தும் விட்டார் ஆட்டையாம்பட்டி சகாயராஜ். இணையதளங்களை ஆராய்ந்து குறை சொல்வது அவர் பிழைப்பு. பல்கலைக்கழகத்தை ஆராய அவருக்குத் தோன்றவில்லை.

"நாலு மாசமாச்சுப்பா. ஆஸ்பத்திரியக் கண்ணுலயே காட்டல" என்றாள் அக்சிலியா.

"மொதல்ல வெப்சைட் தொறக்கட்டும். அப்புறம் ஆஸ்பத்திரி தொறப்பாங்க."

தளம் திறக்க நாற்பத்தோரு விநாடி ஆனது. போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்த காலத்திலிருந்து வேந்தர் எடுத்துக்கொண்ட எழுபது போட்டோக்கள் வரிசையாக இறங்கின. சகாயராஜ் அறுபத்தொன்பதை எடுத்தார். ஒன்பது விநாடி.

மறுநாளே வேந்தர் கூப்பிட்டார்.

"ஏனுங்க சகாயராஜ், சேர்றதுக்கு ஒருத்தனும் போன் போடக் காணோம். சர்ட்டிபிகேட்டத் திருப்பிக் கேட்டுத்தான் போடறானுங்க."

படிப்பை விடுகிறவர்கள் அசல் சான்றிதழைக் கேட்கும் விண்ணப்பம் போட்டோக்களுக்கு அடியில் கிடந்தது. போட்டோ போனதும் அது மேலே வந்துவிட்டது.

"அந்தப் பக்கம் பாதியில நின்னுடுதுங்கய்யா, அதான் போன் பண்றாங்க. சரி பண்ணிட்டா போன் நின்னுடும்."

அன்று சாயங்காலமே சரி செய்து, மகளின் போனில் சோதித்தார்.

"எத்தன விநாடிம்மா?"

"மூணுதாம்ப்பா. கடைசி வரைக்கும் நல்லா வேலை செய்யுது."

அவள் முகத்தில் நான்கு மாதமாகக் காணாத தெளிவு. அப்பனின் திறமையை நினைத்துத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

சொன்னபடி போன் நின்றது. விண்ணப்பங்கள் வந்தன. பதிவானால் பதினைந்து நாளில் சான்றிதழ் என்பது பல்கலைக்கழகமே போட்டிருந்த விதி, யாராலும் பதிய முடியாத காலத்தில் தாராளமாகப் போட்டது.

"அந்தக் கருமத்தக் கீழ தள்ளுங்க" என்றார் வேந்தர்.

தள்ளினார். அதற்குள் எல்லோரும் அதையே தேடியதால், கூகுள் அந்தப் பக்கத்தையே தூக்கி முதலிடத்தில் வைத்துவிட்டது.

அடுத்த மாதம் சகாயராஜ் தயங்கித் தயங்கி வேந்தர் அறைக்குள் போனார்.

"மூணு விநாடி ஆச்சுங்கய்யா. முதலிடமும் வந்தாச்சு. பேசினபடி பொண்ணு ஃபீஸு…"

வேந்தர் நிமிரவில்லை. "வசந்தாமணி, சாருக்கு அந்த நோட்டப் பார்த்துச் சொல்லம்மிணி."

அலுவலக வசந்தாமணி நோட்டைப் புரட்டினாள். "நர்சிங்ல சேர்ந்தவங்க அறுவத்தி நாலுங்க. சர்ட்டிபிகேட் வாங்கிட்டுப் போனவங்க அறுவத்தி மூணுங்க."

சகாயராஜுக்கு மூச்சு வந்தது. "அந்த மிச்சம் ஒண்ணு எம் பொண்ணுதாங்க. அதுக்காவது…"

"இல்லீங்க சார். மிச்சம் ஐயாவோட பேத்திங்க. வாங்கிட்டுப் போனதுல அக்சிலியா ஒண்ணாம் நெம்பருங்க."