ஆளுக்கொரு தப்பு

ரேடியோ சார் கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய், தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டினார். அவர் மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு உப்பு டப்பாவை நகர்த்தினாள்.

அவர் கேட்டது தண்ணீர்.

மறுபடி காட்டினார். இந்த முறை தலைவலி மாத்திரை வந்தது.

"வாயைத் தொறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?"

"கேக்கக் கூடாது. பயிற்சி," என்றார் சார், தோற்றுப்போய். "வகுப்புல இனிமே நான் பேசவே கூடாதாம்."

"பேசாம எப்படிங்க இங்கிலீஷ் சொல்லிக் குடுப்பீங்க?"

"அதுதான் நவீன முறை."

"இந்த முறை நம்ம கல்யாணத்தப்பவே வந்திருக்கக் கூடாதா?" என்று மனைவி தண்ணீரை வைத்தாள்.

சார் ஒரு மாலைநேர ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் தற்காலிக ஆசிரியர். வேலைக்குப் போகும் பெரியவர்கள் வந்து படிக்கும் வகுப்பு. அவர் ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார் என்பதால் மாணவர்கள் ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டத்தில் அவர் தேற வேண்டும். திட்டத்தை நடத்தும் பயிற்றுநர் மேடம் ஒருநாள் அவருடைய வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் இனிமையாகச் சிரித்தார்.

"உங்க மாணவர்கள் இன்னிக்குப் பேசினதைக் கவனிச்சேன் சார். ஒருத்தர் இருமினார். இன்னொருத்தர் 'எக்ஸ்க்யூஸ் மீ'ன்னு சொல்லிட்டு பாத்ரூம் போனார். அவ்வளவுதான். பேச வேண்டியது அவங்க. நீங்க வழிவிடணும். மாசக் கடைசியில இன்னொரு தடவை வந்து பாக்கறேன். அதுதான் கடைசி."

சைகை முறையை அவர் உடனே வகுப்பில் இறக்கினார். புத்தகத்தைத் திறக்கச் சொல்லிக் கைகளை விரித்தார். வகுப்பே எழுந்து நின்றது. உட்காரச் சொல்லிக் கையைத் தாழ்த்தினார். யாரோ மின்விசிறியைக் குறைத்தார்கள். பஸ் டிரைவர் மட்டும் எல்லாம் புரிந்தவர்போலத் தலையாட்டி, "பின்னாடி எடுக்கச் சொல்றீங்க, அதானே சார்?" என்று நாற்காலியோடு சுவர்வரைக்கும் போனார்.

ஆகவே சார் ஒத்திகையில் இறங்கினார். பாடம், ஓட்டலில் அறை கேட்பது. டிரைவர் வரவேற்பு மேசைக்காரர். துணிக்கடையில் தைக்கும் தையலம்மா அறை தேடி வரும் பயணி. ரிட்டயர்டான பேங்க் மேனேஜர் வெந்நீர் வரவில்லை என்று சண்டைக்கு வருபவர். அன்றாடம் இதே நாடகம். ஆசிரியர் வாய் திறக்காமலே வகுப்பு தானாக ஓடியது. அளவுக்கு மீறியே ஓடியது. தையலம்மா வாசலில் தலை காட்டியதுமே டிரைவர் சாவியை நீட்டினார்.

"ரூம் இருக்கான்னு அவங்க இன்னும் கேக்கலையே!" என்று சார் பதறினார்.

"தெனம் அதைத்தானே சார் கேக்கறாங்க?"

அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. யாருமே தப்பு செய்யவில்லை. தப்பே இல்லாத வகுப்பில் எதைக் கற்றார்கள் என்று மேடம் கேட்டால் என்ன சொல்வது? சார் யோசித்து, தப்புகளைப் பங்கிட்டுக் கொடுத்தார். நேற்று நடந்ததை நாளை நடக்கும் என்று டிரைவர் சொல்ல வேண்டும். தையலம்மா ஒருமை பன்மையில் சறுக்க வேண்டும். ஒருவர் தப்பைப் பக்கத்தில் இருப்பவர் திருத்த வேண்டும்.

"ஒருமை பன்மை எனக்குப் போன வாரம்தான் சார் பிடிபட்டுச்சு," என்றார் தையலம்மா. "இப்பப் போய் மறக்கச் சொல்றீங்களே?"

"ஒருநாள் மட்டும்மா."

மேனேஜர் இன்னும் வருத்தத்தில் இருந்தார். "சர்வீஸ் பூரா ஒரு கையெழுத்துல தப்பு வந்ததில்ல சார் எனக்கு. குடுக்கறதுதான் குடுக்கறீங்க, கௌரவமான தப்பா ஒண்ணு குடுங்க."

அவருக்கு உச்சரிப்புத் தப்பு ஒதுக்கப்பட்டது.

"பாத்தீங்களா, அவருக்குன்னா உசத்தித் தப்பு," என்று தையலம்மா டிரைவரிடம் முணுமுணுத்தார்.

மேடம் கடைசித் தடவையாகப் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அவரிடமிருந்து போன் வந்தது. "இன்னிக்கு நீங்க வகுப்பு எடுக்க வேணாம் சார். ஊரோட அந்தக் கோடியில ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடக்குது, அவசியம் போயிட்டு வாங்க. மாணவர்கள் தானா படிச்சுக்கட்டும்."

பட்டறையின் தலைப்பு, 'வகுப்பறையில் இயல்பாக இருப்பது எப்படி?' அங்கே ஆசிரியர்களை ஜோடி ஜோடியாக நிற்கவைத்தார்கள். ஒருவர் இயல்பாக இருக்க, மற்றவர் அதற்கு மதிப்பெண் போட வேண்டும். சார் சுளுக்கிய கழுத்தோடு வீடு திரும்பினார்.

மறுநாள் மாலை மேடம் வந்தார். கூடவே கோட்டு போட்ட ஒருவரும் வந்தார்.

"தலைமை அலுவலகத்துலேருந்து வந்திருக்கார். சும்மா உட்கார்ந்திருப்பார், கண்டுக்காதீங்க," என்றார் மேடம்.

சார் "குட் ஈவினிங்" என்றார். பிறகு கைகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

டிரைவர் அழகாக வரவேற்றார். தையலம்மா அறை கேட்டார். கேட்டதில் ஒரு தப்பு இருந்தது. ஆனால் அது அவருக்குக் கொடுத்த தப்பு இல்லை. சாருக்கு வியர்த்தது. மேடம் ஏனோ திருப்தியாகத் தலையசைத்தார். அடுத்து டிரைவர் தனக்கான தப்பைச் சரியாகச் செய்தார். சார் நிம்மதியாக மூச்சு விட்டார். மேடத்தின் பேனா நின்றது. மேனேஜர் வந்து அடுத்தடுத்து இரண்டு தப்பு செய்தார். அதோடு விட்டாரா? தையலம்மாவின் பன்மையையும் சேர்த்துக் கெடுத்தார்.

தையலம்மாவால் பொறுக்க முடியவில்லை. "நோ, நோ! தட் ஈஸ் மை மிஸ்டேக்!"

"யூ ஆல்ரெடி ஃபினிஷ்டு யுவர் மிஸ்டேக்!" என்றார் மேனேஜர்.

"வொய் யூ ஷவுட் அட் ஹர்?" என்று டிரைவர் மேசையைத் தட்டினார்.

அதற்குப் பிறகு ஓட்டலும் இல்லை, வெந்நீரும் இல்லை. அந்த வகுப்பு வாழ்க்கையில் முதல்முறையாக ஆங்கிலத்தில் சண்டை போட்டது. தயங்காமல், தடுக்கி விழுந்து, விழுந்த வேகத்தில் எழுந்து, கேள்விக்கு எதிர்க்கேள்வி போட்டு, மணி அடித்தும் நிறுத்தாமல் பேசியது. சார் கண்ணை மூடிக்கொண்டு தன் வேலை கதவைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்டும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். கோட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார்.

"பிரமாதம்! எத்தனையோ ஊர்ல வகுப்பு பாத்திருக்கேன். இப்படி ஒத்திகையே இல்லாத, உயிரோட இருக்கற வகுப்பை நான் பாத்ததில்ல. இவரை உடனே நிரந்தரமாக்குங்க."

மேடம் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றியபடி, "கண்டிப்பா சார், கண்டிப்பா," என்றார். இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

சார் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து மாணவர்களைக் கும்பிட்டார்.

"என் வேலையைக் காப்பாத்திட்டீங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். நான் குடுக்காத தப்பெல்லாம் வந்துச்சே, அசல் தப்பு மாதிரி... அதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையலம்மாதான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"மேடம் குடுக்கற பயிற்சி எப்படியிருக்குன்னு பாக்க அந்தக் கோட்டுக்காரர் வர்றாருன்னு, நேத்து நீங்க இல்லாதப்ப அவங்களே வந்து ஆளுக்கொரு தப்பு குடுத்துட்டுப் போனாங்க சார், ரெண்டு பேர் மனசும் நோகக் கூடாதேன்னு நாங்க ரெண்டையுமே பண்ணிட்டோம்."