கடற்கரைக்குப் போன நிவாரண லொறி

கல்முனை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகள் றிஸ்லாவுக்கு வாப்பா கச்சிமுகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மா றஹீமாவும் சுகம். இங்கே ஒரு குறையும் இல்லை. நீயும் அந்தக் குளிர் நாட்டில் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம்.

வெள்ளக் காலத்தில் எந்த வீட்டுக்கு என்ன தேவை என்று போனிலே கேட்டு லொறிக்கு வழி சொல்லும் உன் ஆராய்ச்சியை, நேற்று நம் தெருவில் ஒத்திகை பார்த்தோம். அது சரிவந்தால் படிப்பை முடித்துக்கொண்டு பெருநாளைக்கு வந்துவிடுவேன் என்றாய் அல்லவா, அதற்காகவே வீடு வீடாக ஏறி இறங்கி எல்லாருடைய போனிலும் உன் செயலியைப் போட்டுவைத்தேன். காலையில் ‘உங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர்’ என்றது என் போன். வெளியே நல்ல வெயில். நீ கற்பனை செய்யச் சொன்னபடியால் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினேன். நாவிதன்வெளி வயல்களைத் தாண்டித் தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது, கதிரை மெல்ல மிதந்தது, நீ விட்டுப்போன செருப்புச் சோடி வாழை மரத்தைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தது, அதன் பின்னாலேயே நீயும் வந்துவிடுவாய் போல இருந்தது, அந்த நேரம் பார்த்து லொறி ஹோன் அடித்தது.

அக்கரைப்பற்றிலிருந்து ஒத்திகைக்காக சாரதி சதீஸ் ஓட்டிவந்த லொறி. நானும் ஏறிக்கொண்டேன். நிறைய அரிசி, பருப்பு, பாய், தண்ணீர்ப் போத்தல். முதல் வீடு நம் சீனிமுகம்மது மச்சானுடையது. அவரோ ‘தேவையில்லை, அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவும்’ என்ற பட்டனை அழுத்திவிட்டார்.

“என்ன மச்சான், வெள்ளத்துல கூரைக்கு மேல நிக்கிறயாம், ஒண்டும் வேணாமா?” என்று கேட்டேன்.

“அல்லாஹ் தந்தது கிடக்கு கா. அடுத்த வூட்டுல பச்சப்புள்ள இரிக்கி, அங்க குடுங்க.”

பச்சைப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் வயசாளிகள் என்றார்கள். வயசாளிகள் அதற்கடுத்த வீட்டைக் காட்டினார்கள். இப்படியே தெரு முழுக்க ஒருவரும் கைநீட்டவில்லை. கடைசி வீட்டுக்கு அடுத்தது கடல். லொறி போன் சொன்னபடி நேரே போய்க் கடற்கரை மணலில் நின்றது.

“காக்கா, கடலுக்கு எத்தின பேருக்குச் சாப்பாடு இறக்கிற?” என்று என்னைக் கேட்டான் சதீஸ். அலை சக்கரம்வரை வந்து, அதுவும் தேவையில்லை என்று திரும்பிப் போனது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “வெள்ளத்துல நிண்டுக்கிட்டும் பொய் சொல்லுவீங்களாகா?” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, பசியோடு அலைந்த சதீஸுக்கு ஆளுக்கொரு கோப்பைச் சோறு கொண்டுவந்தார்கள். ஒத்திகை தோற்றது, பெருநாளும் போனது. தேவையை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத இந்தச் சனத்தை நம்பி இனி ஆராய்ச்சி செய்யாதே, மகள்.

உம்மா ஸலாம் சொல்லச் சொன்னா. உன் அறிவில் அல்லாஹ் பரக்கத்தைப் பொழிவானாக.

உன் வாப்பா,
கச்சிமுகம்மது.

பி.கு: எப்படியும் உன் கணினியில் தெரிந்துவிடும், நானே சொல்லிவிடுகிறேன். நானும் அந்தப் பட்டனைத்தான் அழுத்தினேன். அரிசி வேண்டுமா, பாய் வேண்டுமா என்றெல்லாம் போன் கேட்டது. எங்களுக்கு வேண்டியதைக் கேட்கவில்லையே. குறை இல்லை என்று மேலே எழுதியதை வெட்டிவிடு. பெருநாளைக்கு வா, மகள். இதை மட்டும் அடுத்த வீட்டுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.