மூன்றாம் கால்பகுதியின் பாட்டு

எங்கள் ஒஹாயோவில் சனிக்கிழமைதோறும் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் தென்படுகிற ஓர் இனம் உண்டு: மைதானத்து மரபுக் காவலர். இவர் ஒருநாளும் பந்தைத் தொட்டவரில்லை. தொட்டவர்களைப் பற்றிப் பேசியே நரைத்தவர். எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும், எந்தச் செங்கல்லைத் தடவ வேண்டும், நம் அணி முதல் புள்ளி எடுக்கும்வரை ஏன் உட்காரக் கூடாது என்று, ஆட்டத்துக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி சாசேஜ் சுட்டுக்கொண்டிருப்பவனைக்கூட விடாமல் பிடித்து வகுப்பெடுப்பார். நீங்கள் கேட்டீர்களா? இல்லை. அதனால் என்ன?

எங்கள் பெல்டன் கல்லூரிக்கு வாய்த்த காவலர் வெர்லின் ஹாஸ்கெட். பல் மருத்துவர். உங்கள் வாயில் கருவியைத் திணித்த பிறகுதான் மைதான வரலாற்றை ஆரம்பிப்பார்.

ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் எல்லோரும் எழுந்து கல்லூரிப் பாட்டைப் பாடுவது எங்கள் வழக்கம். போன வருஷம் அந்தக் கால்பகுதியின் கடைசி மோதலில் எங்கள் பையன் ட்ரெவர் பால்க் விழுந்தான். எழுந்திருக்கவில்லை. மருத்துவர்கள் ஓடினார்கள், ஆட்டக்காரர்கள் மண்டியிட்டார்கள், பாண்டு வாத்தியக்காரர்கள் குழல்களை மடியில் இறக்கிவிட்டார்கள். அவ்வளவு பெரிய மைதானத்தில் கொடி படபடப்பது மட்டும் கேட்டது.

வெர்லின் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். பாட ஆரம்பித்தார்.

முன்வரிசையிலிருந்த ஒரு பெண் திரும்பினாள். ட்ரெவரின் தாய் டார்லா.

“யோவ், அங்க கெடக்கறது எம்புள்ளய்யா! உனக்குப் பாட்டு கேக்குதா?”

“கோவிச்சுக்காதீங்கம்மா. போர் நடந்தப்பகூட இது நின்னதில்ல.”

“போரப்ப நீ பொறந்திருந்தியா? வாய மூடு!”

“உக்காந்து தொலைங்க, மானம் போகுது” என்று வெர்லினின் மனைவி லோர்னா அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் இரண்டாம் சரணத்துக்குப் போய்விட்டார்.

அப்போது ட்ரெவர் கையை அசைத்தான். பிறகு காலை. டார்லா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மைதானமே ஆர்ப்பரித்தது. வெர்லின் நாலு பக்கமும் திரும்பித் தலை வணங்கினார்!

அதோடு விட்டதா? இந்த வருஷம் முதல் கால்பகுதியிலேயே ஒரு பையனுக்குக் கணுக்கால் பிசகியது. அவன் வலியில் புரண்டுகொண்டிருக்க, மேல்வரிசைகள் மொத்தமாக எழுந்து பாடின. “இதென்ன கூத்து?” என்று கேட்ட ஒரு புதியவரிடம் வெர்லின் கண்கலங்கச் சொன்னார்:

“எங்க தாத்தா காலத்துலேர்ந்து வர்ற வழக்கம் சார் இது.”

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் உங்கள் வீட்டு விசேஷத்தில், ‘இது எதுக்கு?’ என்று யாரோ கேட்டபோது, ‘எப்பவும் இப்படித்தான்’ என்று அதட்டிய குரல் யாருடையது?