சிவப்புக் கிட்டார், ஒற்றைச் சுருள்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். என் வீட்டில் நான் சுதந்திரமாக முடிவெடுக்கக்கூடிய நேரம் அது ஒன்றுதான். வாயில் நுரை இருக்கும்போது யாரும் என்னைக் கேள்வி கேட்பதில்லை.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பவர் பார்ப்பவன். காலையிலிருந்து மாலைவரை, "இது தெளிவா இருக்கா? அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு என் நாக்கு தேய்ந்துவிட்டது. எதிர்வீட்டில் இருப்பவர் பல் டாக்டர். அவர் பல்லைப் பிடுங்குகிறார், நான் கண்ணை நோண்டுகிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே தப்பித்தது மூக்கு மட்டும்தான். அந்த டாக்டர் ட்ரம்ஸ் வாசிப்பார். குடியிருப்பின் பொது ஹாலில் ஒரு கச்சேரி வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு.

"ட்ரம்ஸ் மட்டும் வாசிச்சா கச்சேரின்னு சொல்ல மாட்டாங்க சார், கட்டட வேலை நடக்குதுன்னு சொல்வாங்க. நீங்க காலேஜ்ல கிட்டார் வாசிச்சீங்கல்ல? வாங்க!"

காலேஜில் அடுத்த அறைக்காரனின் கிட்டாரைத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். அப்படியே மூன்று விரல் பிடிகள் கற்றுக்கொண்டேன். இதை நான் டாக்டரிடம் விளக்கமாகச் சொல்லவில்லை.

வாய் கொப்பளித்துவிட்டு மனைவியிடம் போனேன். அவள் ஒரு கால் சென்டரில் மேற்பார்வையாளர். ஊழியர்கள் போனில் பேசுவதை அவர்களுக்கே தெரியாமல் கேட்டு மார்க் போடுவதுதான் அவளுடைய வேலை. வீட்டுக்கு வந்தாலும் மார்க் போடும் பழக்கம் போகவில்லை.

"கிட்டார் வாங்கலாம்னு இருக்கேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எதுக்கு?"

"வாசிக்க."

"யாரு?"

"நான்தான்!"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நூற்றுக்கு எவ்வளவு போட்டாள் என்று தெரியவில்லை. "சரி. ஆனா கடைக்கு நானும் வருவேன். வீட்டுல கேக்கப்போற காது என்னோடது," என்றாள்.

அன்று மதியமே டாக்டரைப் பார்த்து ஆலோசனை கேட்டேன். மனைவியைச் சமாளிக்கும் விஷயத்தில் அவர் எனக்கு முன்னோடி.

"ரொம்ப சிம்பிள் சார். உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதை நல்லா இல்லேன்னு சொல்லுங்க. பிடிக்காததை ஆகா ஓகோன்னு புகழுங்க. அவங்க நீங்க சொன்னதுக்கு நேர்மாறா எடுப்பாங்க. அப்புறம் சத்தம் ஜாஸ்தின்னு அவங்க சண்டையே போட முடியாது. அவங்க செலக்ஷன் இல்லையா!"

அந்த மூளையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறாரே என்று வருத்தப்பட்டேன்.

கடையில் சுவர் முழுக்கக் கிட்டார்கள் தொங்கின. கடைக்காரர் குதிரைவால் முடி வைத்திருந்தார். ஒரு கிட்டாரை இறக்கி, தந்திகளுக்குக் கீழே இருந்த கறுப்புக் கட்டையைத் தட்டிக் காட்டினார்.

"இதான் பிக்கப். கிட்டாரோட உசுரே இதான். உள்ள காந்தம், அதைச் சுத்தி முடி மாதிரி மெல்லிசா செப்புக் கம்பிச் சுருள். தந்தி ஆடினா இது பிடிச்சு ஆம்ப்புக்கு அனுப்பும். இதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒத்தைச் சுருள், ரெட்டைச் சுருள்."

"என்ன வித்தியாசம்?" என்றாள் மனைவி.

"ஒத்தைச் சுருள் பிரம்மச்சாரி மாதிரிம்மா. குரல் பளிச்சுனு இருக்கும். ஆனா சும்மா இருக்கும்போதும் 'உய்ங்'னு முணுமுணுத்துக்கிட்டே இருக்கும். ரெட்டைச் சுருள் கல்யாணமான ஆளு. ஒண்ணு முணுமுணுத்தா பக்கத்துல இருக்கறது அமுக்கிடும். சத்தமே வராது."

"எங்க வீட்டுல ரெட்டைச் சுருள் ஏற்கெனவே இருக்கு," என்றாள் அவள்.

அவர் இரண்டையும் வாசித்துக் காட்டினார். முதலில் கறுப்புக் கிட்டார், ரெட்டைச் சுருள். கம்பளி போர்த்திக்கொண்டு பாடுவது போலக் கனமாக, சூடாக வந்தது. அடுத்தது சிவப்பு. ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்து விற்ற பழைய கிட்டார், ஒத்தைச் சுருள். ஒரே ஒரு தந்தியைத்தான் தட்டினார். கண்ணாடி டம்ளரை ஸ்பூனால் தட்டிய மாதிரி 'டிங்' என்று ஒரு சத்தம் கிளம்பி, அறையைச் சுற்றி வந்து, நேராக என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சமாளித்தேன்.

"இதுவா சார், அதுவா?" என்றார் கடைக்காரர்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்பட்டது. எனக்கு விடை தெரியும். ஆனால் திட்டம் என்று ஒன்று இருக்கிறதே!

"கறுப்புதான்! என்ன கனம்! என்ன கம்பீரம்! சிவப்பு சும்மா தகரத்தைத் தட்டின மாதிரி இருக்கு. கொசு வேற கத்துது."

"அப்படியா சொல்றீங்க?"

"சந்தேகமே இல்ல. சிவப்பை யாராவது வாங்குவாங்களா?"

அவள் கறுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வியர்த்தது. எங்கே என் பேச்சைக் கேட்டுவிடுவாளோ என்று கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாகப் பயந்தேன். பயத்தை மறைக்க, தோள்பட்டை வார் பார்க்கிறேன் என்று பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே ஒரு ஆளுயரக் கண்ணாடி. வாரை மாட்டிக்கொண்டு, இல்லாத கிட்டாரை வாசித்து, இல்லாத ரசிகர்களுக்குக் கையசைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் சிவப்புக் கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பே இருக்கட்டுங்க," என்றாள்.

"ஐயோ, அது..."

"இதான் எனக்குப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். உள்ளே நான் ஆடிய ஆட்டம் எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். கிட்டாரோடு நான் உள்ளறையில். ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி ஹாலில். நடுவே கதவிடுக்கு வழியாக நீளமான ஒரு ஒயர்.

"ஆம்ப் என் பக்கத்துல இருக்கட்டும். எனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு திருகி வச்சுக்கறேன். நீங்க கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா வாசிங்க."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. தினமும் வேலை விட்டு வந்ததும் டாக்டரும் வந்துவிடுவார். அவர் தொடையில் தாளம் போடுவார். நான் விரல் எங்கே போகிறது என்று பார்க்க, கிட்டார்மேல் கவிழ்ந்து கிடந்து வாசிப்பேன். நடுநடுவே பேச்சு. ஆண்பிள்ளைகள் மனசு விட்டுப் பேசக் கதவு சாத்திய ஒரு அறை கிடைப்பது லேசான காரியமா?

"டாக்டர், திட்டம் பலிச்சுது பாத்தீங்களா? அவளே சிவப்பை எடுத்தா!"

"நான்தான் சொன்னேனே சார்!"

அதற்குப் பிறகுதான் விசித்திரங்கள் ஆரம்பமாயின.

ஒருநாள், "இன்னிக்குச் சமையல்ல உப்பே இல்ல டாக்டர்," என்றேன். ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உப்பு ஜாடி, முழுசாக, மூடி திறந்து உட்கார்ந்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. உப்பு சொன்னது.

இன்னொரு நாள் டாக்டரும் நானும் சேர்ந்து ஒரு பொய் தயாரித்தோம். சனிக்கிழமை கண் பரிசோதனை முகாம் இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டு, அவருடைய கிளினிக்கில் போய் முழு நாளும் ஒத்திகை. வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி கேட்டாள்:

"நாளைக்கு எங்கயாவது முகாம் கிகாம் இருக்கா? இருந்தா நானும் வரேன். கொஞ்ச நாளா கண்ணு மங்கலாத் தெரியுது. உங்களைப் பாத்தா நல்லவர் மாதிரி தெரியுது."

"முகாமா? அதெல்லாம் ஒண்ணும்... இல்லையே!"

அடுத்தது மச்சான் விவகாரம். "அவ தம்பி வரானாம் டாக்டர். வந்தான்னா சோபாவுல படுப்பான். அவனை எழுப்பறதுக்குச் சோபாவையே வித்தாகணும்," என்று முணுமுணுத்தேன். மறுநாள் மனைவி சோபாவைத் தட்டிக்கொண்டே, "என் தம்பி வர்றதுக்குள்ள இதை வித்துடலாமா?" என்றாள் அமைதியாக.

எனக்கு விளங்கிவிட்டது. உளவாளி இருக்கிறான். அறைக்குள் இருப்பது இரண்டே பேர். நான் உளவாளி இல்லை.

டாக்டர் வந்ததும் கதவைச் சாத்தினேன்.

"உண்மையைச் சொல்லுங்க. என் வீட்டுக்காரி உங்களுக்கு என்ன குடுக்கறா?"

"அதை நான் கேக்கணும் சார்! என் மாமியாரைப் பத்தி உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். அன்னிக்கே என் வீட்டம்மா காதுக்குப் போயிருச்சு. நாலு நாளா எனக்கு ஆறின காபி!"

"நான் யார்கிட்டயும் மூச்சு விடலை!"

"நானும் விடலை!"

"அப்ப சுவரா சொல்லுச்சு?"

"இனிமே கச்சேரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்களே உங்க தந்தியை மீட்டிக்கோங்க!"

கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. கிட்டாரை நாற்காலியில் சாத்திவிட்டு, தண்ணீர் குடிக்க ஹாலுக்கு வந்தேன். சோபாவில் என் மனைவி. பக்கத்தில் பல் டாக்டரின் மனைவி, எங்களுக்கு அக்கா. இரண்டு பேர் கையிலும் டீ. எதிரே ஆம்ப், அதன் சின்னச் சிவப்பு விளக்கு எரிய, ஒரு விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தது.

மனைவி உதட்டில் விரல் வைத்து, "உஷ்!" என்றாள்.

ஆம்ப்பிலிருந்து டாக்டரின் குரல் வந்தது. கொஞ்சம் தகரமாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.

"பெரிய கிட்டார் மேதை! இவர் வாசிக்கறதைக் கேக்கறதுக்கு என் ட்ரில் மிஷின் சத்தம் எவ்வளவோ தேவலாம்!"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன இது?"

"பிக்கப்," என்றாள் மனைவி. "பழைய பிக்கப். சுருளுக்குள்ள மெழுகு ஊத்திக் கம்பியை அசையாம வைக்கணுமாம். இதுல மெழுகு போயிருச்சாம். அதனால கம்பி லூசா இருக்கு, கிட்ட யாரு பேசினாலும் மைக் மாதிரி பிடிச்சுக்கும். நீங்க வார் பாக்கப் போனப்ப கடைக்காரர் சொன்னார். 'தொந்தரவும்மா, கறுப்பை எடுத்துக்கோங்க'ன்னார். தொந்தரவா? நான் உடனே பெட்டியில வைக்கச் சொன்னேன்."

"அப்ப என் திட்டம்..."

"நீங்க கறுப்பைப் புகழ்ந்தப்பவே சிவப்புதான் வேணும்னு தெரிஞ்சிருச்சு. சிவப்பை அவர் தட்டினப்ப உங்க மூஞ்சியைப் பாத்தேனே. எப்படியும் அதைத்தான் எடுத்திருப்பேன். மெழுகு விஷயம் இனாமாக் கிடைச்சுது."

அக்கா டீயை வைத்துவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு உள்ளறைப் பக்கம் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆம்ப்பில் மாமியார் விவகாரம் இரண்டு குரலில் ஒலிபரப்பானது. என் மனைவி எட்டி அதை அணைத்தாள்.

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

"எல்லாத்தையும் கேட்டியா?"

"எல்லாத்தையும்."

"உப்பு, சோபா..."

"ஆமா. செவ்வாய்க்கிழமை சொன்னதையும் கேட்டேன்."

செவ்வாய்க்கிழமை என்ன சொன்னேன் என்று யோசித்தேன். ஞாபகம் வந்ததும் காது சூடானது. அன்று டாக்டர் கேட்டிருந்தார், இந்த வயசில் ஏன் சார் இவ்வளவு கஷ்டப்படறீங்க என்று. நான் கிட்டார்மேல் கவிழ்ந்தபடியே சொன்னேன்: "பொண்ணு வெளியூருக்குப் படிக்கப் போனதுலேருந்து வீடு வெறிச்சுனு இருக்கு டாக்டர். பால் வந்துச்சா, கேஸ் புக் பண்ணியாச்சா, இதைத் தவிர நாங்க பேசிக்கறதே இல்ல. அவ வாய்விட்டுச் சிரிச்சு எத்தனை நாளாச்சு! ஒரு பாட்டாவது உருப்படியா வாசிக்கணும். இல்ல, கேவலமாவாவது வாசிக்கணும். எப்படியாவது அவ சிரிக்கணும்."

"அதைக் கேட்டப்புறம் நான் நிறைய அழுதேன்," என்றாள் அவள். "அப்புறம் நீங்க வாசிக்க ஆரம்பிச்சீங்க. நிறையச் சிரிச்சேன்."

"அவ்வளவு கேவலமாவா இருந்துது?"

"ரொம்ப." அவள் என் கையை எடுத்து விரல் நுனிகளைப் பார்த்தாள். தந்தி அறுத்து, காய்த்துப் போயிருந்தன. "ஆனா இப்ப ரெண்டாவது பாட்டு வந்துருச்சு தெரியுமா? பாதி வரைக்கும் பாட்டு மாதிரியே இருக்கு. கச்சேரி வைங்க. ஒத்திகைக்குக் கிளினிக்குக்கு எல்லாம் போக வேண்டாம். ட்ரம்ஸை இங்கயே கொண்டுவரச் சொல்லுங்க. சோபாவை நகர்த்திக்கலாம்."

டாக்டர் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார், பல் பிடுங்கப்பட்டவரைப் போல. அவரிடம் இதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. என் வாசிப்பைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குவதாகவும் சொன்னார். முழுசாக இல்லை, பாதி.

மெழுகு ஊற்றிச் சரிசெய்து தருவதாகக் கடைக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். நேருக்கு நேர் சொல்ல வாய் வராத சில விஷயங்கள் இருக்கின்றன, கதவைச் சாத்திக்கொண்டால்தான் வருகின்றன. நேற்று மாலை அப்படித்தான். உள்ளறையில் உட்கார்ந்து, சிவப்புக் கிட்டாரை மடியில் வைத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிக்கப்புக்கு மிக அருகில் குனிந்தேன். அவள் இல்லாவிட்டால் நான் ஒன்றுமே இல்லை என்பதில் தொடங்கி, அந்த நீலச் சேலையில் அவள் எப்படி இருக்கிறாள் என்பது வரை, மனசில் இருந்த எல்லாவற்றையும் கொட்டினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

பிறகு ஹாலிலிருந்து அவள் குரல் வந்தது.

"என்னங்க, கொஞ்சம் சத்தமா முதல்லேருந்து சொல்லுங்க, அக்காவும் டாக்டரோட மாமியாரும் இப்பத்தான் வந்தாங்க!"