பத்து பத்தில் நின்ற மாப்பிள்ளை வாட்ச்

நேரம் பார்ப்பதற்காக நான் வாட்ச் கட்டியதில்லை, நாலு பேர் பார்ப்பதற்காகத்தான் கட்டினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மறைத்தும் பயனில்லை. குன்னத்திலிருந்து அரியலூர் வரைக்கும் என் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கதை தெரியும். நான் சொன்னால் குறைத்துச் சொல்வேன் என்று அவர்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையின் அலுவலகத்தில் வேலை. ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசினார். அவர் பேசியது எங்கள் யார் மனதிலும் நிற்கவில்லை, கையில் கட்டியிருந்த கறுப்பு டயல் வாட்ச் மட்டும் நின்றது. அது சுவிட்சர்லாந்தில் செய்தது என்றும், பணம் இருக்கிறவர்களுக்கே எளிதில் கிடைக்காது என்றும் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அடுத்த மாதம் சென்னை போனபோது ஒரு நடைபாதைக் கடையில் எனக்கு எளிதில் கிடைத்தது. ஆயிரத்து நானூறு ரூபாய். (ரெண்டாயிரம் சொன்னான். நான் விடுவேனா?)

பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் பத்து மணி பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. நானும் கவலைப்படவில்லை. முள் நின்றாலும் மினுமினுப்பு நிற்கவில்லையே.

அந்த வாட்சோடுதான் கவிதாவைப் பெண் பார்க்கக் குன்னம் போனேன். அவள் அப்பா மக்காச்சோளமும் வெங்காயமும் வாங்கி விற்கும் மண்டி வைத்திருந்தார். சோளத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தே ஈரப்பதம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார், மெஷின் வைத்துப் பார்த்தாலும் அதே எண்தான் வரும் என்று ஊரே சொல்லும். அப்படிப்பட்ட மனிதர் என் கையைப் பார்த்து, "வெளிநாட்டு வாட்சுங்களா மாப்ள?" என்றார்.

"ஆமாங்க மாமா. சுவிட்சர்லாந்து" என்றேன், நேற்றுத்தான் அங்கிருந்து வந்திறங்கியவன் மாதிரி.

நிச்சயம் முடிந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் மோதிரமும் வாட்சும் போடுவார்கள். நான்தான் வரதட்சணை ஒரு பைசா வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சீர்திருத்தவாதியாக உலவிக்கொண்டிருந்தேனே, அந்த மிதப்பில் இருந்தபோது மாமா கேட்டார்.

"எதுவுமே வேணாங்கறீங்க. வாட்சாவது உங்களுக்குப் புடிச்சதா சொல்லுங்க மாப்ள."

"இதே கம்பெனிதாங்க மாமா. நீல டயலா இருந்தா போதும்."

அந்தப் 'போதும்' என்ற சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. அசலின் விலை எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நகல் ஆயிரத்து நானூறு என்றால் அசல் பத்து மடங்கு இருக்கும், மிஞ்சிப்போனால் பதினைந்து மடங்கு என்பது என் கணக்கு. பி.காம். முதல் வகுப்பு வேறு.

பெரம்பலூர்க் கடை எதையும் மாமா நம்பவில்லை. "உரம் வாங்குனாலே நான் டீலர்கிட்டதான் வாங்குவேன். இது மாப்பிள்ளை வாட்சு" என்றார். விசாரித்ததில், அந்தக் கம்பெனிக்கு அங்கீகாரம் பெற்ற டீலர் சென்னையில் இருப்பது தெரிந்தது. ஒரு சனிக்கிழமை காலை அவருடைய காரில் இரண்டு பேரும் கிளம்பினோம். அவர்தான் ஓட்டினார். ஓட்டுகிறவருக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு கேள்விதான் இருந்தது.

"மணி என்ன மாப்ள?"

நான் கையைத் தூக்கி வாட்சைப் பார்ப்பேன். கண் மட்டும் மடியில் இருக்கும் செல்போனைப் பார்க்கும். "எட்டு இருவதுங்க மாமா." உளுந்தூர்ப்பேட்டையில் ஒருமுறை, விழுப்புரத்தில் ஒருமுறை, திண்டிவனத்தில் இரண்டு முறை. சென்னை போய்ச் சேர்வதற்குள் எனக்குக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டது.

கடைக்குள் குளிர் பல்லைத் தந்தியடிக்க வைத்தது. கோட்டு போட்ட விற்பனையாளர் ஒருவர் எங்களை உட்கார வைத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு என் காதில், "தண்ணில சோடா கலந்துருக்காங்க" என்றார். எதிரே கண்ணாடிப் பெட்டியில் வாட்சுகள் வரிசையாக இருந்தன. எல்லாமே பத்து மணி பத்து நிமிடம் காட்டின. என் வாட்சும் அதையேதான் காட்டியது. அந்த ஒரு நொடி எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

நீல டயலும் அங்கே இருந்தது. "இதக் குடுங்க தம்பி" என்றார் மாமா.

"சார், அது டிஸ்ப்ளேக்கு மட்டும்தாங்க. விக்கறதுக்கு இல்ல."

"அப்ப உள்ள இருக்கறத எடுங்க."

"உள்ளயும் இல்லங்க சார். வருசத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் வரும். பேரைப் பதிஞ்சுக்கிட்டு, எங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச கஸ்டமரா பாத்துத்தான் குடுப்போம்."

மாமா விலை கேட்டார். விற்பனையாளர் சொன்னார். எங்கள் ஊரில் அந்த விலைக்கு டிராக்டர் வரும், டிரெய்லரோடு.

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து ஓரமாகப் போய் மண்டி ஆளிடம் போனில் பேசினார். மெதுவாகப் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டு பேசினால் அடுத்த தெருவரைக்கும் கேட்கும். "மேலக்காடு ஒண்ணரை ஏக்கரக் கேட்டுட்டு இருந்தாருல்ல, அவரு இன்னும் கேக்கறாரான்னு விசாரி."

அந்த நிலத்தை நான் பார்த்திருக்கிறேன். பருத்தி போட்டிருந்தார்கள். என்னுடைய பகட்டுக்காக அது கைமாறப்போகிறது. அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான், "வேணாங்க மாமா, வேற வாட்சு பாக்கலாம்" என்று முனகினேன்.

"பொண்ணக் கட்டிக் குடுக்கறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்கீங்க. அதக்கூடச் செய்யலன்னா நான் என்ன அப்பன்?" என்று வாயை அடைத்துவிட்டார்.

விற்பனையாளர் ஒரு படிவத்தை எடுத்தார். என் பெயர், வேலை, என்ன விசேஷம், வாட்சைத் தினமும் கட்டுவேனா, வாங்கியதும் லாபத்துக்கு விற்றுவிடுவேனா என்று கேட்டுக்கொண்டே போனார். பத்தாவது கேள்வியில் மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏந்தம்பி, பொண்ணு குடுக்கற நானே மாப்பிள்ளையப் பத்தி இவ்ளோ விசாரிக்கலீங்களே!"

விற்பனையாளர் சிரித்துக்கொண்டே கடைசிக் கேள்விக்கு வந்தார். "ஏற்கனவே எங்க கம்பெனி வாட்சு வெச்சிருந்தா சொல்லுங்க சார். பேரைக் கொஞ்சம் மேல ஏத்தலாம்."

மாமாவின் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். தடுப்பதற்குள் என் இடது கையைப் பிடித்துத் தூக்கி மேஜைமேல் வைத்தார். "வெச்சிருக்காருங்க! இந்தா பாருங்க! பொண்ணு பாக்க வந்தன்னைக்கே கட்டியிருந்தாரு!" சொல்லிக்கொண்டே அவரே வாட்சைக் கழற்றி வெல்வெட் தட்டில் வைத்தார்.

விற்பனையாளர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்தார். வாட்சின் பக்கவாட்டில் முள்ளைத் திருப்பும் திருகை லேசாகத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது.

அவர் திருகைத் தட்டின் ஒரு மூலையிலும் வாட்சை இன்னொரு மூலையிலும் வைத்தார். என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை, இரக்கம்தான் இருந்தது. கோபமே தேவலாம் என்று எனக்குத் தோன்றியது. "பத்திரமா வெச்சுக்குங்க சார்" என்றார்.

மாமா தட்டைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். வாட்ச் இருந்த இடத்தில் களிம்பேறி வளையமாகப் பச்சை பிடித்திருந்தது. கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. எனக்கு அந்தக் குளிரிலும் முதுகு முழுக்க வேர்த்தது. இந்தக் கல்யாணம் இத்தோடு முடிந்தது என்று முடிவு கட்டினேன்.

மாமா விற்பனையாளர் பக்கம் திரும்பி, "பேர எழுதிக்குங்க தம்பி. எம்போன் நம்பரப் போட்டுக்குங்க" என்றார். அந்த நல்ல மனிதரும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மாமா செய்த முதல் வேலை, மறுபடி போன் போட்டு, "நெலத்தப் பத்தி யார்கிட்டயும் பேசாத" என்றது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அதற்குப்பிறகு திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை எல்லாம் வந்து போயின, அவர் வாயைத் திறக்கவில்லை. மணிகூடக் கேட்கவில்லை.

தொழுதூர்ப் பக்கம் டீக்கடையில் நிறுத்தினார். பாதி டீ குடித்தபின், "சோளத்துல சிலது இப்படி வரும் மாப்ள. மேல நல்லாக் காஞ்ச மாதிரி இருக்கும். கடிச்சா உள்ள ஈரம்" என்றார்.

"தப்புதாங்க மாமா." டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்படி வந்தா திருப்பி அனுப்பிடுவீங்களா?"

"எதுக்கு அனுப்பறோம்? களத்துல கொட்டி ரெண்டு வெயில் காய வெச்சா சரியாப் போவும்." மீதி டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "கவிதாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன்."

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு சின்ன வாட்ச் கடைமுன் காரை நிறுத்தினார். வெள்ளை டயல், கறுப்புத் தோல்பட்டை. வாங்கி, பச்சை வளையத்தின் மேலேயே அவர் கையால் கட்டிவிட்டார். "இது பில்லோட இருக்கு" என்றார். கார் கிளம்பி நூறு அடி போனதும் கேட்டார்.

"மணி என்ன மாப்ள?"

அன்றைக்கு முதல்முறையாக என் கையைப் பார்த்தே பதில் சொன்னேன். "ஆறு அம்பதுங்க மாமா." சொல்லும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் கவிதாவுக்குப் போன் செய்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியுங்க" என்றாள். "காப்பி குடுக்கறப்ப பாத்தேன், பத்து பத்து. நீங்க சாப்ட்டுட்டுக் கெளம்பறப்பயும் பத்து பத்து."

"ஏன் சொல்லல?"

"எங்கப்பா அந்த வாட்சப் பத்தி மண்டியில எல்லார்கிட்டயும் சொல்லிப் பெருமப்பட்டுட்டு இருந்தாரு. எப்படிங்க சொல்றது?"

அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது, அப்பாவுக்காகப் பொறுத்திருக்கிறாள். இந்த வீட்டில் பெண் கொடுத்தால் நான் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டு, "அப்ப கல்யாணம்?" என்றேன்.

"உங்க பேரு வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கு. வந்தாச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள். அந்த இரண்டு நாளும் நான் சோறு தின்னவில்லை. (சரி, ஒரு வேளைதான் தின்னல.)

எட்டு வருடம் ஓடிவிட்டது. இரண்டாவது காப்பி கேட்டால் இன்றும் எனக்குக் கிடைக்கும் பதில், "பேரு பதிஞ்சாச்சு." மாமாவுக்கு எதிரே சுவர்க்கடிகாரம் இருந்தாலும் என்னிடம்தான் மணி கேட்பார். அந்த வெள்ளை டயலுக்கு மூன்று முறை பட்டை மாற்றியாகிவிட்டது.

சென்ற வருடம் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் எங்கள் மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்தினோம். பந்தி முடிந்து சொந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தபோது மாமாவுக்கு ஒரு போன் வந்தது. காது சரியாகக் கேட்காததால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். ஒரு பெண் குரல்.

"சார், நீங்க எங்க ஷோரூம்ல பதிஞ்சிருந்தீங்கல்ல, அந்த ப்ளூ டயல் வாட்ச் வந்திருக்கு. இன்னும் வேணுங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவும் என்னைப் பார்த்தார், தலையிலிருந்து கால்வரைக்கும், நிதானமாக.

"அது மாப்பிள்ளைக்குன்னு பதிஞ்சதும்மா" என்றார். "மாப்பிள்ளையப் பத்தித்தான் இன்னும் விசாரிச்சுட்டு இருக்கோம். திருப்தியானதும் நானே கூப்புடறேன்."