மதிவாகனருக்காக மூண்ட போர்

“என் ஒருவனுக்காக மூன்று நாட்டுப் படைகள் இந்த ஆற்றில் மோதிக்கொள்ளும் நாள் வரும்” என்று நெடுந்துறை நாட்டு ஓடத்துறைப் பெருந்தலைவர் மதிவாகனர் அறிவித்தபோது, ராஜசபையில் ஒருவர் பாக்கியில்லாமல் தலையாட்டினார்கள். ஆட்டாமல் நின்றவள் ஓடக்காரி பவளாயி மட்டுந்தான். அவள் வந்தது தன் ஓடத்தின் அடியில் விட்டுப்போயிருந்த ஒரு பலகைக்காக.

மதிவாகனரின் சம்பளம் அப்போதே மாதாமாதம் ஏழு யானைகளின் மேல் வந்துகொண்டிருந்தது. எட்டாவது யானையில் பஞ்சப்படி. மனிதர் ஓடத்தில் கால் வைத்ததே கிடையாது. ஈரம் ஆகாதென்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை, எதிர்க்கரையிலுள்ள கீழ்மேட்டு நாடு தன்னை இரண்டு மடங்கு சம்பளத்துக்கு அழைப்பதாகப் பெருமூச்சோடு தெரிவிப்பார். அழைப்போலையை யாரும் பார்த்ததில்லை. கேட்பது மரியாதையும் இல்லை.

“கூப்பிட்டா அனுப்பி வெச்சிடுங்களேன் சாமி. எனக்கு ஒரு பலகை போதும்” என்றாள் பவளாயி.

நிதியமைச்சர் பொறுமையாக விளக்கினார். “துடுப்புப் போட ஆள் எப்போதும் கிடைக்கும், அம்மா. இப்பேர்ப்பட்ட திறமையை இழந்தால் நாடு மூழ்கும்.”

நாடு இருக்கட்டும், அதற்கு முன்னால் ஓடம் மூழ்கிவிடுமே என்று அவளுக்குத் தோன்றியது. தினமும் நாற்பது பேர் அவளை நம்பி ஏறுகிறார்கள். அவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் ஆறு பேர்.

அந்த வருஷம் யானைகள் பதினான்காயின. ஓடங்களில் நீர் கசியாமல் கீல் பூசுவது நின்றது. அடுத்த வருஷம், ஆறு கிளை பிரியுமிடத்தில் மேலண்டைக் கரையிலுள்ள செம்மணல் நாடும் அவரை அழைத்ததாம். ஓடத்துக்கு ஒரு துடுப்பே போதுமென்று ஆணை வந்தது. ஒற்றைத் துடுப்பில் ஓடங்கள் பம்பரமாய்ச் சுற்றின. சந்தைக்குப் போனவர்கள் ஏறின துறையிலேயே இறங்கி, போய்வந்ததற்கான கட்டணம் செலுத்தினார்கள். அதற்கும் அடுத்த வருஷம், பயணிகள் வீட்டிலிருந்து செம்பு கொண்டுவந்து தண்ணீர் இறைக்க வேண்டும், செம்புக்குச் சுமைக்கூலி தனி என்றது சட்டம். பவளாயி தன் சேலைகளைக் கிழித்து ஓட்டையில் அடைத்துக்கொண்டே கரைக்கும் கரைக்கும் போனாள். கல்யாணச் சேலை வரை அடைத்தாகிவிட்டது.

நான்காம் வருஷம் மதிவாகனர் பெருமூச்சு விட்டபோது, கஜானாவில் யானைக்குத் தீனிகூட இல்லை. அரசர் கண்கலங்க விடை கொடுத்தார். கீழ்மேட்டுக்குப் போக ஓடம்தான் வழி. தண்ணீரின் மேல் மிஞ்சியிருந்தது பவளாயியின் ஓடம் ஒன்றுதான்.

கீழ்மேட்டுக் கரையில் தளபதி தடுத்தார். உங்கள் ராசா கூப்பிட்ட பெரியவர் இவர்தான் என்றாள் பவளாயி. தளபதியின் முகம் வெளுத்துவிட்டது.

“எங்களிடம் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், தாயே. உங்கள் நாடு அழைக்கிறதென்று சொல்லிச் சொல்லியே எங்களை மொட்டையடித்துவிட்டார்” என்றவர், நீளக் கழியால் ஓடத்தைத் தள்ளிவிட்டார்.

செம்மணல் கரையிலும் அதே கதை, அதைவிட நீளமான கழி. திரும்பி வந்தால், ஆறு மாதமாகச் சம்பளம் காணாத நெடுந்துறை வீரர்களும் கழியோடு நின்றார்கள். எங்கள் பக்கம் ஏன் தள்ளுகிறாய் என்று ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு, மூன்று படைகளும் இடுப்பளவு நீரில் இறங்கி மோதின. ஆற்று மீன்கள் கரையேறி நின்று வேடிக்கை பார்த்தன.

இந்த அமளியில் கல்யாணச் சேலை பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

“ஐயா, எதையாவது எடுத்து இறைங்க. இல்லன்னா ரெண்டு பேருமே போயிருவோம்.”

மதிவாகனர் தம் வெள்ளி வெற்றிலைப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு இறைக்கத் தொடங்கினார். பொழுது சாயும்வரை நிறுத்தவில்லை. நன்றாகத்தான் இறைத்தார் என்பதைப் பவளாயி பார்த்துக்கொண்டாள்.

அரண்மனை மாடியில் நின்ற அரசருக்கோ, மூன்று நாட்டுப் படைகளும் ஒரே மனிதரை நோக்கிக் கழி நீட்டுவதுதான் தெரிந்தது. உடனே அவரை மீட்டுவரச் செய்தார். மறுநாள் சபை கூடியது. நடந்தது உண்மையென்று சாட்சி கிடைத்தால் இருபத்தெட்டு யானைகள் என்று முடிவாயிற்று. அதற்காக, நாட்டில் மிச்சமிருக்கும் துடுப்புகள் விற்கப்படும். பவளாயியை அழைத்தார்கள். அவள் துடுப்போடு வந்தாள்.

“வேண்டாம்னு தள்ளினாங்க சாமி” என்றாள். “ஆனா அவரு தண்ணி நல்லா இறைக்கிறாரு. அந்த வேலைக்கு வெச்சு, அதுக்கு உண்டானதைக் குடுங்க. நான் குத்தம் சொல்ல மாட்டேன்.”

“கேட்டதற்கு மட்டும் பதில்” என்றார் நிதியமைச்சர். “இவர் ஒருவருக்காக மூன்று நாட்டுப் படைகள் மோதினவா, இல்லையா?”

பவளாயி மதிவாகனரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை, தம் உள்ளங்கைக் கொப்புளங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன் துடுப்பைப் பார்த்தாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

“மோதுச்சுங்க சாமி” என்றாள். “நான் அந்த ஓடத்துலதான் இருந்தேன்.”